உன் டிடெக்டர் மேல் விழுந்த பழி

இன்று காலை சோதனை வேனின் பின்கதவைத் திறந்தேன். சூடேறிய ஒயரும் டீசலும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. ஏறாமல் சற்று நேரம் நின்றுவிட்டேன்.

நாம் செய்த செல்போன் ரிசீவரைச் சோதிக்க இதே வேனில் போன அன்று, உன் மடியில் லேப்டாப் இருந்தது. சாமராஜநகர் சாலையில் வேகம் கூடக் கூடத் திரையில் பிழைகள் ஏறின. வண்டியை ஓரங்கட்டினால் குறைந்தன. இந்தக் கன்னட ஊர்ப் பையன்கள் நண்பனைக் கூப்பிடுவதுபோல என்னை 'குரு' என்றுதான் கூப்பிடுவாய். "ஓடுறப்ப மட்டும் ஏன் சாகுது குரு?" என்றாய். "தெரியலயே" என்றேன். எனக்குத் தெரிந்திருந்தது.

ரிசீவரில் நம் வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. செல்போன் கோபுரத்திலிருந்து வரும் அலை கட்டடத்திலும் மரத்திலும் மோதி எப்படிச் சிதைந்து வருகிறது என்று கணிப்பது, அதாவது சேனல் எஸ்டிமேஷன், என் பகுதி. அந்தக் கணிப்பை நம்பி, வந்தது பூஜ்யமா ஒன்றா என்று முடிவெடுப்பது உன் டிடெக்டர். அறைக்குள் நடந்த டெமோவில் எண்கள் அழகாக வரட்டும் என்று, நீண்ட நேரத்துக் கணிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்படி மாற்றியிருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. ஓடும் வண்டியில் அலையின் பாதை நொடிக்கு நொடி மாறும். உன் டிடெக்டருக்குக் கிடைத்ததோ பழைய கணிப்பு.

தப்பு வெளியே தெரிந்தது உன் பகுதியில்தான். கூட்டத்தில் மேலாளர், "டிடெக்டர் யாருது?" என்று மட்டும் கேட்டார். "என்னுது சார்" என்றாய். பக்கத்து நாற்காலியில் இருந்த நான் வாய் திறக்கவில்லை. மாத இறுதியில் உன்னைப் போகச் சொன்னார்கள். அடுத்த வாரம் சத்தமில்லாமல் என் சராசரியைச் சுருக்கினேன். எல்லாம் சரியாக ஓடியது. எனக்குப் பாராட்டும் வந்தது.

இந்தத் துறையில் உனக்கு மறுபடி வேலை அமையவில்லை. மண்டி மொஹல்லாவில் செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்தாய். பிறகு சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரியில் உன் மனைவி ஸ்டெல்லா காபி வாங்கப் போன நேரத்தில், சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன்.

"அந்த வேன் டெஸ்ட்ல..."

"உன் ப்ரோக்ராம அன்னிக்கே பாத்துட்டேன் குரு" என்றாய். "கூட்டத்துல நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

ஸ்டெல்லா திரும்பி வந்து, என்ன பேச்சு என்று கேட்டாள். "பழைய ஆபீஸ் கதை" என்று சொல்லிச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதன் பிறகு நீ என்னிடம் பேசவில்லை. நான்கு நாளில் போய்விட்டாய்.

கல்லறைத் தோட்டத்தில் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஆபீஸ்ல அவருக்குன்னு இருந்தது நீங்க ஒருத்தர்தாண்ணா" என்று அழுதாள். நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்கு கேக் அனுப்புகிறாள். வாங்கிக்கொள்கிறேன். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.