இடது கால் செருப்பு

நரண்டெரா,
ஆஸ்திரேலியா,
12 மார்ச் 2006

அன்புள்ள அசெனதா,

ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று நீ எழுதிய இரண்டு வரி கிடைத்தது. ஆறு வருடம் என் தம்பி டெஸ்ஸைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டவளுக்கு இரண்டு வரிக்கு மேல் எழுதக் கை வரவில்லையா? உன் புருஷன் சிரேலி எப்படி இருக்கிறார்? படகிலிருந்து விழுந்து முதுகொடிந்த மனிதரைத் தூக்கி உட்கார வைப்பது உனக்குப் புது வேலை இல்லை. ஆனால் சொந்தப் புருஷனைத் தூக்குவது வேறு மாதிரிதான் இருக்கும்.

டெஸ்ஸைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கப் பயந்திருப்பாய். நானே சொல்கிறேன், அவன் நன்றாக இல்லை.

அவன் இருக்கிற பராமரிப்பு இல்லத்தில் எல்லோருடைய ஷூவும் செருப்பும் காணாமல் போகின்றன. முதலில் சிரித்தோம். பாதிரியார் வந்து ஜெபம் செய்துவிட்டுத் திரும்பினால் வாசலில் அவர் ஷூவைக் காணோம். "பரலோகம் போகத்தாம்மா ஷூ வேண்டாம், வீட்டுக்குப் போக வேணுமே!" என்றார். உன் இடத்தில் வேலைக்கு வந்த லொரெட்டா வெறுங்காலோடு கார் ஓட்டிக்கொண்டு போனாள். ஆனால் போன வாரம் அவள் தன் ஷூவை டெஸ்ஸின் கையிலிருந்து பிடுங்கப் பார்த்திருக்கிறாள். அவன் கடித்துவிட்டான். பல் நன்றாகப் பதிந்துவிட்டது. அவள் வேலையை விட்டுவிட்டாள். அவளுக்கு முன்னால் வந்த பையனும் இப்படித்தான் போனான்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். "எங்களால முடியல ரோவினா. சிட்னியில பெரிய இடம் இருக்கு. கதவெல்லாம் பூட்டு, டாக்டர் கூடவே இருப்பார். ஜூன் கடைசியில கூடிப் பேசி முடிவெடுப்போம்" என்றார். இப்போது நான் வேலை முடிந்து நடந்தே போய் டெஸ்ஸுக்கு டோஸ்ட் வெட்டிக் கொடுத்துவிட்டு வருகிறேன். சிட்னிக்குப் போய்விட்டால் வருடத்துக்கு இரண்டு தடவை பார்த்தால் அதிகம். நாற்பத்தோரு வயதில் அவனைப் பூட்டின கதவுக்குள் விட்டுவிட்டு நான் இங்கே எப்படிச் சாப்பிடுவேன்?

போன் மட்டும் இனி வேண்டாம். அன்று உன் குரலைக் கேட்டதும் ரிசீவரைக் கீழே போட்டுவிட்டு, "அசே, அசே" என்று அலமாரிக்குள், குளியலறைத் திரைக்குப் பின்னால், கார் டிக்கியில்கூட உன்னைத் தேடினான். அவனுக்குத் தெரிந்ததே நாலைந்து வார்த்தைதான், அதில் ஒன்று நீ. ஆகவே எழுது.

அன்புடன்,
ரோவினா

---

தவேயுனி, ஃபிஜி,
3 ஏப்ரல் 2006

அன்பு அக்கா ரோவினாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். இரண்டு வரிக்கு மேல் எழுதினால் காகிதம் நனைந்துவிடும் என்றுதான் எழுதவில்லை. நீ கேலி செய்தாலும் சரி, அதுதான் உண்மை.

பாதிரியார் ஷூவைப் பற்றிப் படித்து நான் சிரித்த சிரிப்பில் சிரேலிக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்கு இப்போது எதற்கெடுத்தாலும் கோபம். குளிக்கத் தூக்கினால், "நான் என்ன மரவள்ளி மூட்டையா?" என்கிறார். நேற்று தேநீர்க் கோப்பையைச் சுவரில் அடித்தார். நான் அங்கே டெஸ்ஸிடம் செய்த மாதிரி, பேசாமல் கொஞ்ச தூரம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். பிறகு அவரே, "ஏன் இப்படி ஒண்ணும் சொல்லாம இருக்கே? திட்டேன்டி" என்றார். திட்டினேன். அப்புறம்தான் குளித்தார். என் மனிதர் டெஸ் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

டெஸ்ஸைப் பற்றி என்ன எழுத? டோஸ்ட்டின் ஓரத்தை வெட்டிவிட்டுத்தானே கொடுக்கிறீர்கள்? சட்டையின் உள்ளே இருக்கிற துணிச்சீட்டு உரசினால் அவனுக்குப் பிடிக்காது, கத்தரித்துவிடச் சொல். அவன் என்னை மறந்துவிட்டால் நிம்மதியாக இருப்பான் என்று ஜெபம் செய்கிறேன். மறந்துவிட்டான் என்று நீ எழுதிவிட்டால் எனக்கு அன்று சோறு இறங்காது. இரண்டையும் ஒரே வாயால்தான் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவனைச் சிட்னிக்கு அனுப்ப விடாதே, அக்கா. அவன் கடிக்கிறவன் இல்லை. ஆறு வருடத்தில் என்னைக் கடித்ததே இல்லையே.

உன் தங்கை,
அசெனதா

---

நரண்டெரா,
7 மே 2006

அன்புள்ள அசெனதா,

இமோஜன் என்று ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் ஏன் அடிக்கிறார், ஏன் கடிக்கிறார் என்று கூடவே இருந்து பார்த்துச் சொல்வது அவள் வேலை. பார்த்தால் பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருந்தாள். இவளா டெஸ்ஸைப் புரிந்துகொள்ளப் போகிறாள் என்று எனக்கு எரிச்சல்தான். வந்தவள் ஒன்றும் செய்யவில்லை. டெஸ் உட்கார்ந்தால் உட்கார்ந்தாள், நடந்தால் நடந்தாள். தன் ஷூவையும் தொலைத்தாள்.

பிறகு என்னைக் கூப்பிட்டு அவன் கட்டிலுக்கு அடியில் காட்டினாள். அத்தனை ஷூவும் அங்கேதான் இருந்தது. ஜோடி ஜோடியாக, முனை சுவரைப் பார்க்க, துடைத்து வைத்திருக்கிறான்.

"அவர் ஒளிச்சு வைக்கல ரோவினா, பத்திரமா வைச்சிருக்கார். ஊசி போட வர்ற நர்ஸோட ஷூவைத் தொடவே இல்ல, பாத்தீங்களா? போகக் கூடாதுன்னு நினைக்கிறவங்களோடதை மட்டும்தான் எடுக்கறார். இந்த ஊர்ல யாரும் வாசல்ல ஷூ கழட்டறதில்லையே, இங்க மட்டும் யார் பழக்கினது?" என்றாள்.

யார் பழக்கியது? முதல் நாளே, "ஏன், உங்க ஊர்ல மண்ணை வீட்டுக்குள்ள கொண்டாந்துதான் தின்பீங்களா?" என்று கேட்டவள் நீதானே. உன் வாய்க்குப் பயந்து மேலாளர்கூடக் கழற்றினார். உன் நீலச் செருப்பு வாசலில் கிடந்தால் நீ உள்ளே இருக்கிறாய் என்று டெஸ்ஸுக்குத் தெரியும். காலையில் முதலில் அதைத்தான் எட்டிப் பார்ப்பான்.

நீ கிளம்பிய அன்று அவனை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போனோமே. சொன்னால் ஆர்ப்பாட்டம் செய்வான், சொல்லாமல் போவதுதான் நல்லது என்று எல்லா இல்லத்திலும் செய்கிற மாதிரி செய்தோம். நீ "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேனே" என்றாய், நாங்கள் வேண்டாம் என்றோம். தலை ஈரம் காயாமல் திரும்பி வந்து பார்த்திருக்கிறான், செருப்பு இல்லை. அதனால்தான் இனி யாருடைய செருப்பையும் வாசலில் விட்டு வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறான்.

அசெனதா, நீ ஒரே ஒரு வாரம் வரமுடியாதா? ஜூன் கூட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை. கேட்கக் கூடாதுதான். ஆனால் கேட்கிறேன்.

ரோவினா

---

தவேயுனி, ஃபிஜி,
22 மே 2006

அன்பு அக்கா,

வரமுடியாது. இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத முடியும். சிரேலிக்கு முதுகில் புண் வந்திருக்கிறது, வேளாவேளைக்குத் திருப்பிப் போட வேண்டும், என்னைத் தவிர வேறு யாரையும் தொட விடுவதில்லை.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அந்த நீச்சல் குளத்துப் பேச்சு வந்ததும், "நிறுத்து" என்றார். "ஆறு வருஷம் சாப்பிட்ட வீட்டை விட்டு விடை கேக்காமலா வந்தே?"

"அங்கே அப்படித்தான் செய்வாங்களாம்" என்றேன்.

"அவங்க செய்வாங்க. நீ எந்த ஊர்க்காரி? நான் இந்த ஊரைத் தாண்டி மீன் பிடிக்கப் போனாலே தலைவர் முன்னால யங்கோனா வேர் வைச்சுக் கும்பிட்டுட்டுத்தானே போவேன்? அந்தப் புள்ளைதான் அங்க வீட்டுக்குப் பெரியவன். அவன் முன்னால உக்காந்தியா? போகட்டுமான்னு கேட்டியா? திருடி மாதிரி வந்திருக்கே!"

அக்கா, அவர் கோப்பையை எறிந்தபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. இங்கே யாரும் அப்படிக் கிளம்புவதில்லை. கிளம்புகிறவர் தரையில் உட்கார்ந்து விடை கேட்பார், வீட்டுக்காரர் பதில் சொல்லி விடை கொடுப்பார். அவர் கொடுத்தால்தான் போனது போனதாகக் கணக்கு. டெஸ் இன்னும் எனக்கு விடை கொடுக்கவில்லை. அவனைப் பொறுத்தவரை நான் காணாமல் போனவள்.

விடை கேட்கும்போது முன்னால் வைக்கிற அந்த யங்கோனா வேரை உங்கள் ஊர்த் தபாலில் விடமாட்டார்கள். என்னிடம் வேறு என்ன இருக்கிறது? அந்த நீலச் செருப்பையே அனுப்புகிறேன். கழுவவில்லை, வேண்டுமென்றேதான். வாசலில் வழக்கமான இடத்தில் வைக்காதே, ஏமாந்துவிடுவான். அவன் சாப்பிட்டு முடித்து நல்லபடியாக இருக்கும்போது அவன் முன்னால் தரையில் உட்கார். செருப்பை அவன் பக்கம் தள்ளி வை. இதை மட்டும் சொல்: "டெஸ், அசே ரொம்ப தூரத்துல இருக்கா. திரும்பி வரமாட்டா. கேக்காம போயிட்டா, இப்ப கேக்கறா. போகட்டுமா?"

அப்புறம் பேசாதே. அவன் செருப்பைத் திருப்பிக் கொடுத்தால் அதுதான் விடை. அவன் கையைப் பிடித்து நீயே கொடுக்க வைக்காதே. அழுதாலும் அவசரப்படுத்தாதே. கொடுக்கவில்லை என்றால் கொடுக்கவில்லை, அது அவன் இஷ்டம்.

உன் தங்கை,
அசெனதா

---

நரண்டெரா,
9 ஜூலை 2006

அன்புள்ள அசெனதா,

உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீ சொன்னபடியே உட்கார்ந்து, சொன்னபடியே சொன்னேன். செருப்பை எடுத்து முகர்ந்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. எழுந்து வீடு முழுக்கத் தேடினான், அலமாரி, திரை, டிக்கி எல்லாம். நீ இல்லை என்றதும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் வேலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. தன் கையையே கடித்துக்கொண்டான். "எங்கிருந்தோ செருப்பை அனுப்பி என் பிள்ளையைக் கொல்றா" என்று நான் கத்தினேன். இமோஜன்தான், "அவருக்கு இப்பத்தான் சேதி போய்ச் சேந்திருக்கு. அழ விடுங்க" என்றாள்.

பல நாள் அழுதான். முன்பு கடித்தானே தவிர அழவில்லை, அதை நான் யோசிக்கவே இல்லை. செருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்கினான். நான் தினமும் போய்த் தரையில் உட்கார்ந்து, "போகட்டுமா?" என்று கேட்பேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டோஸ்ட் தின்றுகொண்டிருந்தவன் எழுந்து உள்ளே போனான். உன் இடது கால் செருப்போடு வந்தான். வாசலில், நீ கழற்றிப் போடுகிற அதே இடத்தில் வைத்தான். முனை தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தான், அசெனதா. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "டாட்டா, அசே" என்றான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து மிச்ச டோஸ்ட்டைத் தின்றான்.

வலது கால் செருப்பு அவன் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை.

ஜூன் கூட்டத்தில், அவன் இப்போது யாரையும் கடிப்பதில்லை என்று சிட்னிப் பேச்சைக் கிறிஸ்துமஸ் வரை ஒத்திப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு என்னவோ தெரியாது, ஆனால் மூச்சு விடமுடிகிறது. இல்லத்தில் இப்போது புதுச் சட்டம்: வேலை முடிந்தவர்கள் டெஸ்ஸிடம் போய், "போகட்டுமா?" என்று கேட்க வேண்டும். அவனே ஷூவை எடுத்து வந்து கொடுக்கிறான். மேலாளரை மட்டும் நன்றாகக் காக்க வைக்கிறான்.

இந்தப் பொட்டலத்தில் இருப்பது அவன் கொடுத்தது. ஒற்றைச் செருப்பை ஃபிஜி வரைக்கும் அனுப்புகிறேன் என்று போஸ்ட் ஆபீஸ்காரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

உன் அக்கா,
ரோவினா

---

தவேயுனி, ஃபிஜி,
30 ஜூலை 2006

அன்பு அக்கா,

பொட்டலம் வந்தது. சிரேலி பிரிக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, "ஒத்தைச் செருப்பு போட்டுக்கிட்டு எங்கடி போவே?" என்று சிரித்தார். படகிலிருந்து விழுந்த பிறகு அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். உன் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "பெரிய மனுசன். முறையா விடை கொடுத்திருக்கான். நீயும் முறையா வாங்கிக்கோ" என்றார்.

வாங்கிக்கொள்ளக் கை கூப்பி உட்கார்ந்தேன். முடியவில்லை, அக்கா. நான்தான் கேட்டேன், நான்தான் உன்னையும் கேட்க வைத்தேன். அவன் கொடுத்ததும் ஏன் கொடுத்தாய் என்று இருக்கிறது. அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்போது அவன் சட்டை என்ன நிறம் என்று எழுது.

செருப்பை எங்கள் வாசலில் போட்டிருக்கிறேன். அவன் வைத்த மாதிரி வெளியே பார்த்துத்தான் வைத்தேன். போகும்போதும் வரும்போதும் பார்த்தால் அது எப்படியோ உள்ளே பார்த்துத் திரும்பியிருக்கிறது. சிரேலியால் எழுந்து நடக்க முடியாது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

டெஸ் எனக்கு விடை கொடுத்துவிட்டான். நான்தான் இன்னும் கிளம்பவில்லை.

உன் தங்கை,
அசெனதா