அதிராம்பட்டினத்தில் தூக்கிய அட்டை

மே 15, வியாழன்

கத்திரி வெயில். மோட்டார் போட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர். பாதியில் கரண்ட் போச்சு.

சனிக்கிழமை அதிராம்பட்டினத்தில் கால்பந்து அரையிறுதி. எடுத்து வைக்க: விசில் இரண்டு, அட்டைகள், கறுப்பு சாக்ஸ் (ஒன்றை எலி கடித்திருக்கிறது), எலுமிச்சை, உப்பு.

கமிட்டிச் செயலாளர் போனில் சொன்னார், உள்ளூர்ப் பயல்கள் சும்மா விழுந்து விழுந்து பெனால்டி கேட்பார்கள், அதற்காகவே என்னைக் கூப்பிடுகிறார்களாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் மைதானம் மைதானமாக ஓடி வாங்கிய பேர் அது ஒன்றுதான். இந்த ரெஃப்ரியிடம் நடிப்பு செல்லாது.

என் மனைவி செல்வி மட்டும் இதை மெச்ச மாட்டாள். அவள் தலைவலி என்றாலே நான் முகத்தை உற்றுப் பார்க்கிறேனாம், நிஜமா நடிப்பா என்று.

மே 17, சனி

எழுத்து கோணல்.

முதல் பாதி. ஒன்பதாம் நம்பர் ரியாஸ், உள்ளூர் அணி, பாக்ஸ் ஓரம் விழுந்தான். பக்கத்தில் ஆளே இல்லை. விசில் ஊதவில்லை. ஓடிப்போய்க் குனிந்து, இன்னொரு தடவை விழுந்தால் அட்டைதான் என்றேன். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். எழுந்து ஓடினான்.

இரண்டாம் பாதி. மறுபடி அவனே, கோலுக்கு நேர் எதிரே, யாரும் தொடாமல். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், மறைப்பானேன். ஊரே பார்க்கிறது. விசில். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டை. அவன் தலைமாட்டில் நின்று கையை நேராகத் தூக்கினேன். கூட்டத்தில் சிரிப்பு.

"நடிச்சது போதும் தம்பி. எந்திரி."

கண் திறந்துதான் இருந்தது. இமைக்கவில்லை.

முதலில் ஓடி வந்தது எதிரணி கோல்கீப்பர். மண்டியிட்டு, அவன் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தான். அழுத்திக்கொண்டே என்னைப் பார்த்து, "சார், கைய இறக்குங்க" என்றான். அப்போதுதான் தெரிந்தது, அட்டை இன்னும் மேலேயே இருக்கிறது.

ஆம்புலன்ஸ். பட்டுக்கோட்டை, அங்கிருந்து தஞ்சாவூர். மேட்ச் அதோடு நின்றது. செயலாளர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார், அந்த மஞ்சளைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று. விசிலைக் கழற்றிப் பையில் போட்டேன்.

மே 18, ஞாயிறு

உயிர் இருக்கிறதாம். ஐசியூ. மாரடைப்பு என்கிறார்கள். அந்த வயசுக்கா?

சீர்காழியிலிருந்து மச்சினன் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருக்கிறான். கீழே, "மாமா, இது நீங்களா?"

நான்தான். ரியாஸ் தரையில், நான் அட்டையோடு. என் முகம் நன்றாகத் தெரிகிறது. சிரித்துக்கொண்டு நிற்கிறேன். நான் சிரித்தேனா? நினைவே இல்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சிரிப்புதான்.

செல்வியும் பார்த்துவிட்டாள். அவளே போய் மோட்டார் போட்டாள்.

மே 20, செவ்வாய்

கண் விழித்துவிட்டானாம். ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் சாத்துக்குடி. ஐசியூவுக்குள் பழமெல்லாம் விட மாட்டார்கள் என்று தெரியாத ஆளா நான்?

வாசலில் அவன் வாப்பா. அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நர்ஸிடம்தான் பேசினார்.

"இவர உள்ள விடுங்கம்மா. அவன்தான் பாக்கணும்டு சொன்னான்."

உடம்பெல்லாம் ஒயர். குரல் காற்றாக வந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவன் பேசினான்.

"ரெண்டாவது தடவ விழுந்தது ஞாபகமே இல்ல சார். மொதல் தடவ இருக்கு. கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு. வெளிய போயிடுறேன்னு சொல்ல வந்தேன். நீங்க அட்டைன்னீங்க. எது சொன்னாலும் நடிப்புன்னுதான் எடுத்துக்குவீங்கன்னு ஓடிட்டேன்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான்.

"நான் நடிக்கலன்னு கமிட்டியில சொல்லிருங்க சார்."

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. சாத்துக்குடி பையை எங்கேயோ விட்டுவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவன் வாயைத் திறந்து மூடியது ஞாபகம் வந்தது. சொல்ல வந்திருக்கிறான். என் பேர் அவன் வாயை அடைத்துவிட்டது.

மே 21, புதன்

மேகம். மழை இல்லை.

செயலாளருக்குப் போன் போட்டேன். அவன் நடிக்கவில்லை, இரண்டு தடவையும், எல்லோரிடமும் மைக்கில் சொல்லுங்கள் என்றேன். சரி சார், சரி சார் என்றார்.

நீடாமங்கலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்குக் கூப்பிட்டார்கள். வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. வீடியோ அங்கேயும் போயிருக்கும்.

சாயங்காலம் செல்வி தலை வலிக்கிறது என்றாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமலே எழுந்து போய் மாத்திரை தேடினேன்.