கார்டைக் காப்பாற்றியவள்

பிப்ரவரி 6, மோகா, டொமினிகன் குடியரசு

பெட்டி கட்டியாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நியூயார்க்கில் முகத்தைக் காட்டிவிட்டு வராவிட்டால் கிரீன் கார்டு போய்விடும் என்று பயம். எனக்கு அந்த ஊரில் ஒரு வேலையும் இல்லை. மகன் வில்கினையும் அமெரிக்காவுக்கு அழைத்துக்கொள்ள நான் போட்ட மனு ஏழு வருடமாக வரிசையில் நிற்கிறது, கல்யாணமாகாத மகன் என்ற பிரிவில். என் கார்டு போனால் மனுவும் போகும்.

வீட்டுக்காரர் ஃபெர்மினைக் குளிப்பாட்டிப் புரட்டிப் படுக்கவைத்தேன். பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடம் மிச்சம் இருப்பது பாதி வாய். அதிலும் வசைதான்.

"போ கிழவி. நீ திரும்பி வர்றப்ப நான் இருக்க மாட்டேன்."

"ஒவ்வொரு தடவையும் இதத்தான் சொல்றீங்க. ஒரு தடவையாவது சொன்ன சொல்லக் காப்பாத்துங்க."

சிரித்தார். பாதி முகம்.

பிப்ரவரி 7, நியூயார்க், பிராங்ஸ், நாத்தனார் நூரிஸ் வீடு

விமான நிலையத்தில் தனி அறைக்குக் கூட்டிப்போனார்கள். அதிகாரி பெண். நம் ஸ்பானிஷ் பாஷை பேசினாள்.

"அஞ்சு வருஷத்துல நீங்க இங்க இருந்தது நூத்திப் பதினோரு நாள். மத்ததெல்லாம் டொமினிகன்ல. எங்கம்மா குடியிருக்கீங்க?"

வீட்டுக்காரர் படுத்த படுக்கை என்றேன்.

"அப்ப அவர்கூடவே இருக்கலாமே? இதுல கையெழுத்துப் போட்டு கார்டைக் குடுத்துட்டு நிம்மதியாப் போங்க."

அன்பாகத்தான் சொன்னாள். சரியாகவும் சொன்னாள். நான் போடவில்லை. கார்டை வாங்கிக்கொண்டு நீதிபதியைப் பார்க்கத் தேதி கொடுத்தாள். ஜூன் 18.

பிப்ரவரி 8

வில்கின் பேசினான். வழக்கம்போல "ஆசி குடு மம்மி" என்றுகூட ஆரம்பிக்கவில்லை. "கையெழுத்து போடலல்ல?"

வழக்கு முடியும்வரை நாட்டை விட்டு நகரக் கூடாது என்கிறார் வக்கீல்.

"அப்பாவ யாருடா பாத்துப்பா?"

"ஏன், நான் இல்ல?"

மார்ச் 30

ஃபெர்மின் முதுகைப் போனில் காட்டும்படி வில்கினிடம் சொன்னேன். மறுத்தான். கத்திய பிறகு காட்டினான். உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

"புரட்டியே விடலையாடா?"

"அங்க உக்காந்துக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்காத மம்மி."

ஏப்ரல் 21

ஃபெர்மின் போய்விட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

டிக்கெட் எடுக்கச் சொன்னேன். வில்கின் போனிலேயே குதித்தான். "வராத! வந்தா திரும்ப உள்ள விடமாட்டான். அப்பா செத்தாச்சு. நான் உயிரோட இருக்கேன்ல?"

போகலை. நான் போகலை. எழுதக் கை கூசுது.

ஏப்ரல் 22

வீடியோவில் பார்த்தேன். நூரிஸ் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "என் அண்ணன கல்லறைக்குள்ள வச்சு சிமெண்டு பூசுறாங்க, பொண்டாட்டி இங்க சோபால உக்காந்து பாக்குறா" என்றாள். பூசி முடிப்பதற்குள் இணைப்பு அறுந்தது.

ஜூன் 18

இருபது நிமிடம். கணவரின் நோய்க்காகத்தான் அங்கே இருந்தேன், அமெரிக்கக் குடியிருப்பை விட்டுவிடவில்லை என்று வக்கீல் வாதாடினார். நீதிபதி ஒன்றே ஒன்று கேட்டார்: இனி அங்கே போய்த் தங்கக் காரணம் உண்டா?

இல்லை என்றேன்.

ஜெயித்தோம். அவர் செத்ததுதான் எனக்குச் சாட்சி.

ஜூன் 20

மனுவுக்காக, இன்னும் கல்யாணமாகவில்லை என்ற சான்றிதழை வக்கீல் கேட்டார். வில்கின் இழுத்தான். பிறகு சொன்னான்.

"மார்ச்லயே எலைனியக் கட்டிக்கிட்டேன் மம்மி. அவ மாசமா இருந்தா, அவ அப்பா விடல."

கல்யாணத்தன்றே மனு செத்துவிட்டது என்கிறார் வக்கீல்.

"அப்பா சாகறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா."

"அப்ப ஏன்டா வராதன்ன?"

"வந்தா தெரிஞ்சிருக்குமே மம்மி. எலைனி உன் ரூம்லதான் இருக்கா."

ஜூலை 15

இன்று வேலையில் சேர்ந்தேன். வீட்டோடு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கிழவருக்குப் பக்கவாதம், இடது பக்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டுவது என்று அவர் மகள் பொறுமையாகச் செய்து காட்டினாள்.

"இதுக்கு முன்ன யாரையாவது இப்படிப் பாத்துக்கிட்டிருக்கீங்களா?"

இல்லை என்றேன்.