மைதான விளக்கு ஆறும் வரை

இன்று சாயங்காலம் நம் தெருவை ஒட்டிய ஹாக்கி மைதானத்தில் விளக்குகள் அணைந்தன. கரண்டு போய், கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. தெருவிளக்கு எரிந்தது, டீக்கடையில் மின்விசிறி சுற்றியது. மைதானத்துக் கம்பத்து விளக்குகள் மட்டும் வரவில்லை. மார்க்கெட்டிலிருந்து வந்துகொண்டிருந்த நான் காய்கறிப் பையோடு மதில் ஓரம் நின்றுவிட்டேன்.

"கரண்டு வந்துட்டுல்லா, பெறகு ஏன் எரியல?" என்று ஒருவர் கேட்டார். பதில் எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லித் தந்ததுதான்.

இடைசெவல் கோயில் கொடைக்கு நாம் லைட் செட் போட்டிருந்தபோதும் இதேதான் நடந்தது. ஊர்க்காரர்கள் உங்களைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டார்கள். நான் பதறிப்போய் சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தட்டினேன். "ஏட்டி, அதத் தொடாத. பல்பு சூட்டுல இருக்கு" என்றீர்கள். அவர்களிடம், "அண்ணாச்சி, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, எரியும்" என்று சொல்லிவிட்டு, கரிசல் மண்ணில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டீர்கள். ஊரே திட்டுகிறது, கட்டின மனுஷன் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் சொன்னீர்கள். மற்ற பல்பு மாதிரி இதற்குள் கம்பி கிடையாது. விரல் நீளக் கண்ணாடிக் குழாய். அதற்குள் கொஞ்சம் வாயு, துளி பாதரசம், சில உப்புகள். பற்றவைக்கிற இக்னைட்டர் ஓர் உதை கொடுத்தால் பொறி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தாவும். அந்தச் சூட்டில் பாதரசம் ஆவியாகி நீலமாகத் தெரியும். பிறகு உப்புகளும் ஆவியாகி வெளிச்சம் வெள்ளைக்கு வரும். கரண்டு எக்கச்சக்கமாகப் பாய்ந்து பல்பு வெடிக்காமல் சோக்கு பார்த்துக்கொள்ளும். எரியும்போது அணைந்துவிட்டால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே ஆவி நெருக்கி நிற்கும். எவ்வளவு உதைத்தாலும் பொறி தாவாது. "ஆறணும். ஆறிட்டுன்னா அழுத்தம் கொறஞ்சு தானா பத்திக்கும். அதுவரைக்கும் காத்துக் கெடக்க வேண்டியதுதான்."

சொன்னபடியே எரிந்தது. அதன் பிறகு எந்த ஊரில் விளக்கு அணைந்தாலும் நான் பதறியதில்லை.

கயத்தாறில் பந்தலுக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்த மத்தியானம் நீங்கள் சாய்ந்தீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்கள் நெஞ்சை அழுத்திப் பார்த்தார், கரண்டு வைத்துப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, "முடிஞ்சுட்டும்மா" என்றார். உள்ளே ஓடி உங்கள் கால்களைத் தொட்டேன். சூடாக இருந்தன. எனக்கு அழுகையே வரவில்லை.

"டாக்டர், இப்ப சூட்டுல இருக்கு, இப்ப வராது. கொஞ்சம் ஆறட்டும். பெறகு ஒரு தடவ கரண்டு வச்சுப் பாருங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நம்மோடு கம்பம் ஏறுகிற உங்கள் தம்பிக்கு விளங்கிவிட்டது. "வேண்டாம் மயினி, அப்படிச் சொல்லாதீய" என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

நான் உங்கள் பாதங்களை விடவில்லை. சூடு இறங்க இறங்க எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நான் ஒருத்தி மட்டும் சந்தோஷப்பட்டேன்.

இன்று மைதானத்தில் ஒரு கம்பத்தில் நீலம் தெரிந்தது. பிறகு அடுத்ததில். எல்லாம் வெள்ளையானதும் மட்டைச் சத்தம் கேட்டது. சீக்கிரமே இந்த விளக்குகளை மாற்றப் போகிறார்களாம். போட்டவுடன் எரியும், அணைந்தாலும் ஆறக் காத்திராமல் உடனே மறுபடி எரியும் விளக்குகளாம்.

வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைத்தேன். உங்கள் பாதங்களைப் பிடித்திருந்த கை சில்லென்று இருந்தது. அன்றிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் நன்றாக ஆறிவிட்டீர்கள் என்பது இந்தக் கைக்குத் தெரியும். நானும் நீங்கள் சொன்ன மாதிரியே எதையும் தொடாமல் காத்துக் கிடக்கிறேன். இன்னும் எவ்வளவு நேரம் என்று மட்டும் சொல்லுங்கள்.