கிழியாத சட்டை

மார்ச் 3, செவ்வாய்

மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தால் அம்மா அழுதுகொண்டிருக்கிறாள். கொக்கி மாற்ற அண்ணனிடம் கொடுத்தனுப்பிய அவளுடைய தங்கச் சங்கிலியை எவனோ கத்தியைக் காட்டிப் பறித்துக்கொண்டானாம். அண்ணனின் இடது கையில், தோளுக்குக் கீழே நீளமாக ஒரு கீறல். நான்தான் மருந்து போட்டுக் கட்டினேன். பாவம், நடுங்கிக்கொண்டிருந்தான்.

மார்ச் 4

போலீசில் புகார் கொடுத்துவிட்டான். "சட்டையோட சேர்த்துக் கிழிச்சுட்டான் சார்" என்று சொன்னானாம். யார் மேல் சந்தேகம் என்றதற்குப் பக்கத்துக் கட்டட வாட்ச்மேனைக் கைகாட்டியிருக்கிறான். மதியமே அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மனுஷனா? கேட்டை மறித்து வண்டியை நிறுத்தாதே என்று போன மாதம் இவனிடம் சொன்னார். அவ்வளவுதானே!

மார்ச் 5

துவைக்கத் துணி எடுத்தேன். அன்றைக்கு அவன் போட்டிருந்த நீலச் சட்டை. ஒரு பொட்டு ரத்தம் இல்லை. ஒரு நூல்கூட அறுபடவில்லை. திருடன் என்ன, சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டா வெட்டினான்?

சாப்பாட்டுக்குப் பிறகு —

கேட்டேவிட்டேன். முதலில் குதித்தான். அப்புறம், சீட்டாட்டத்தில் சங்கிலியை விட்டதை ஒப்புக்கொண்டான். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று, சவர பிளேடால் தானே கீறிக்கொண்டானாம். இவனுக்குப் போய்க் கட்டுப் போட்டேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அப்போ அந்த வாட்ச்மேன்?"

"ரெண்டு நாள்ல விட்டுடுவாங்க. உனக்கென்ன வந்துச்சு?"

எனக்கென்ன வந்துச்சா! போலீசில் சொல்லிவிடுவேன் என்றதும் அம்மா என் காலில் விழாத குறை. "கூடப் பொறந்தவனை நீயே காட்டிக் குடுப்பியாடி?" சங்கிலிக்காக ஒப்பாரி வைத்தவள், இப்போது இவனுக்கு வக்காலத்து.

மார்ச் 6

வாட்ச்மேனின் மனைவி கடைக்கு வந்தாள், அவருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க. "ஸ்டேஷன்ல இதை உள்ள குடுக்க விடுவாங்களாக்கா?" என்று என்னிடமே கேட்கிறாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார். வாய் இருந்தும்... சே! எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

மார்ச் 7

சட்டையை நாளைக்குக் கொண்டுவரச் சொல்லி இன்ஸ்பெக்டர் போன் செய்தார். இவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. சட்டையைக் கட்டிலில் மல்லாக்க விரித்தான். எதிரே நின்று, தன் இடது பக்கம் கிடந்த கையில் பிளேடால் சரக்கென்று ஒரு கீறு. அட அறிவுகெட்டவனே, அது சட்டைக்கு வலது கைடா! ஒருமுறை போட்டுப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. "ரத்தத்தைத் துவைச்சுட்டோம்னு சொல்லிக்கலாம். தேய்ச்சு வை" என்று என் மேல் வீசினான்.

தேய்த்து வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 8

வாட்ச்மேன் மதியம் வீட்டுக்கு வந்துவிட்டார். இவனை அங்கேயே உட்காரவைத்துவிட்டார்கள்.

அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சட்டையைப் போட்டுக் காட்டச் சொன்னாராம் இன்ஸ்பெக்டர். கட்டு இடது கையில், கிழிசல் வலது கையில். அப்போதும் இவன் விடவில்லையாம்: "அன்னிக்கு அவசரத்துல முன்பின்னா மாத்திப் போட்டுட்டேன் சார்." "பொத்தானை முதுகுல யாருப்பா போட்டு விட்டது?" என்று கேட்டாராம். ஸ்டேஷனே சிரித்ததாம்.

சொல்லி முடித்துவிட்டு என்னையே பார்த்தாள். "தேய்ச்சவ நீதானே. உன் கண்ணுல படலையா?"

"பட்டுச்சும்மா."

சாப்பிட இரண்டு தட்டு எடுத்து வைத்தேன். அம்மா தன் தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் சாப்பிட்டேன்.