லென்ஸில் கோளாறு இல்லை

786

இராயபுரம்,
14-2-1953

அன்பும் கண்ணியமும் நிறைந்த என் மச்சான் சௌக்கத் அலி அவர்களுக்கு, உங்கள் சாபிரா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் தங்கை அஜீசுன்னிசாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். பினாங்கில் உங்களையும் அவன் அவ்வாறே வைத்திருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நீங்களே படித்துக்கொண்டிருந்தால், அத்தாவுல்லா காக்கா தம் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டார் என்று அர்த்தம். கப்பலேறப் போகிறவரைக் கூப்பிட்டு மூன்று தரம் சொல்லியிருக்கிறேன். முதலில் பொட்டலத்தைக் கொடுக்க வேண்டும், அதில் இருப்பதை நீங்கள் மூக்கில் மாட்டிய பிறகுதான் கடிதத்தைக் கையில் தர வேண்டும், முரண்டு பிடித்தால் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று. ஆமாம் மச்சான், மூக்குக் கண்ணாடிதான். கழற்றாதீர்கள். கடிதம் முடிகிறவரை பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கடலில் வீசுவதானாலும் வீசுங்கள், நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

முதலில் ஊர்ச் செய்தி. இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. மாத்தூர் ஏரி கரை தளும்ப நிற்கிறது. அஜீசுக்குத் தையல் வேலை ஓயாமல் வருகிறது. நம் போட்டோ ஸ்டூடியோவை வாரம் ஒருமுறை திறந்து கூட்டிப் பெருக்கி, திரைகளை உதறிப் போடுகிறேன். நீங்கள் மாட்டிய தகரப் பெயர்ப்பலகை அப்படியே இருக்கிறது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் துரு ஏறிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கப்பலேறிய மூன்றாம் வாரம், பாரிமுனையில் புத்தகம் போடுகிற ஒருவரிடமிருந்து உங்கள் பெயருக்குக் கடிதம் வந்தது. பெயர் சுப்புராயன். சென்னையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு வழிகாட்டி அச்சடிக்கிறாராம். வடக்குப் பக்கத்துப் பழைய தெருக்கள், பழைய கட்டடங்கள், எண்ணூர் வரைக்கும் உள்ள கிராமக் காட்சிகள் என்று பன்னிரண்டு படங்கள் வேண்டும், உங்கள் கைராசியைக் கேள்விப்பட்டேன் என்று எழுதியிருந்தார். இப்படி ஒரு வேலை வராதா என்று ஐந்து வருஷம் நீங்கள் ஏங்கியது எனக்குத் தெரியாதா? நீங்கள் ஊரில் இல்லை என்று எழுதுவதுதான் நியாயம். பேனாவைக் கையில் எடுத்தேன், மனசு வரவில்லை. "ஆகட்டும், தை முடிவதற்குள் தருகிறேன்" என்று எழுதி உங்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். தப்புத்தான். மன்னியுங்கள். ஆனால் திரும்பவும் அந்தக் கடிதம் வந்தால் அதே பதிலைத்தான் எழுதுவேன்.

நீங்கள் துண்டில் சுற்றி அலமாரியில் போட்டுவிட்டுப் போன இரட்டை லென்ஸ் கேமராவை எடுத்தேன். "இந்த ஊர் உப்புக் காத்து லென்ஸையெல்லாம் தின்னுடுச்சு சாபிரா, இனிமே இங்க தொழில் ஓடாது" என்று சொல்லிவிட்டுத்தானே போனீர்கள்? அதில் எடுத்த தங்கப்பாண்டி வீட்டுக் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் மீசை புகை மாதிரி விழுந்ததும், அவர் வாசலில் நின்று கத்தியதும், அதன்பின் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றதும் எனக்கு மறக்குமா? லென்ஸ்மேல் இருந்த கோபத்தில் நீங்கள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் நானும் லென்ஸ் கெட்டதென்றே நம்பினேன். கெட்ட லென்ஸாக இருந்தாலும் பன்னிரண்டில் இரண்டு தேறாதா என்றுதான் முதல் பிலிம் சுருளைப் போட்டேன்.

படகுத்துறையில் நாலு, உங்கள் பழைய தெருவில் நாலு, ஸ்டூடியோ வாசலில் மிச்சம் என்று எடுத்தேன். மறுநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு ஜன்னலை அடைத்து, சிவப்பு விளக்கைப் போட்டு, உங்களோடு பத்து வருஷம் நின்று பழகிய கையால் படங்களைக் கழுவி எடுத்தேன். மருந்தில் கிடந்த காகிதத்தில் படகு எழும்பி வந்தது மச்சான். கயிற்றின் புரியை எண்ணலாம். வலையில் ஒட்டிய மீன் செதில்கூடத் தெரிந்தது. "யா அல்லாஹ், நான் எடுத்ததா இது!" என்று அஜீசைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம்.

அப்புறம்தான் உறைத்தது. லென்ஸ் நன்றாக இருக்கிறது. அப்படியானால் நீங்கள் எதற்காகக் கடல் தாண்டிப் போனீர்கள்? அந்த இருட்டறையில் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அஜீசு பயந்துவிட்டாள்.

பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் படத்தைப் பென்சிலால் திருத்துகிற வேலையை, "உன் கைதான் மென்மை" என்று என்னிடம் தந்தீர்கள். நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். பேப்பரைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தீர்கள். ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் வெளியே வேலை இருக்கிறதென்று போய்விட்டீர்கள். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலின் பெயரை மொட்டைமாடியிலிருந்து படித்துச் சொல்கிறவருக்குத் தன் கண்ணைச் சந்தேகிக்க எப்படித் தோன்றும்? தோன்றாது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. பத்து வருஷம் பக்கத்தில் நின்ற எனக்கே தோன்றவில்லையே.

பிராட்வேயில் கண்ணாடிக் கடைக்காரரிடம் போய் விவரம் சொன்னேன். "பேப்பர் படிக்கச்சொல்ல எம்மாந்தூரத்துல வெச்சிகினு படிப்பாரும்மா?" என்று கேட்டார். நான் கையை முழுசாக நீட்டிக் காட்டினேன். "கை இன்னும் ரெண்டு முழம் இருந்தா கண்ணாடியே வாணாம். வெள்ளெயுத்தும்மா, நாப்பது தாண்டினா எனுக்கும் வரும், கவர்னருக்கும் வரும்" என்று சிரித்துவிட்டு, இழுப்பறையிலிருந்து எடுத்துத் தந்தது இது. நாற்பதுக்கு மேல் நாய்க்குணம் என்பார்கள். உங்களுக்கு அது வந்தபோதே வெள்ளெழுத்தையும் நான் யோசித்திருக்க வேண்டும். எழுதிவிட்டேன், அடிக்க மனசு வரவில்லை. சிரித்துவிடுங்கள்.

பினாங்கிலும் லென்ஸ் எதுவும் சரியில்லை என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதமும் அதற்கு முந்தியதும் வேறு யாரோ ஒருவரின் அழகான கையெழுத்தில் வந்தன. உங்கள் எழுத்து அழகாக இருந்ததே இல்லை, ஆனால் எனக்கு அதுதான் வேண்டும்.

படம் எடுத்த கதையைக் கேளுங்கள். நீங்கள் பெரிய கேமராவை முக்காலியில் நிறுத்தித் தலையில் கறுப்புத் துணியைப் போட்ட உடனே தெரு முழுக்க ஓடிவந்து சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு விறைத்து நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? "தெருவை எடுக்க வந்தா பட்டாளத்தை எடுக்க வேண்டியிருக்கு" என்று பல்லைக் கடிப்பீர்கள். எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. கேமராவை இடுப்பில் வைத்து, மேலே வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தி, லென்ஸுக்கு மட்டும் ஒரு விரற்கடை விலக்கிவிடுவேன். ஃபோகஸ் பார்க்கக் குனிந்துதானே பார்க்க வேண்டும்? தலை குனிந்து நிற்கிற என்னைப் பார்க்கிறவர்கள், ரொம்ப அடக்கமான பெண் என்று ஒதுங்கி வழிவிடுகிறார்கள்! தண்டையார்பேட்டைக் கிடங்குத் தெருவில் மூட்டை இறக்குகிறவர்கள், கால்வாயில் விறகுப் படகை இழுக்கிறவர்கள், இராயபுரம் ஸ்டேஷன் தூணில் சாய்ந்து தூங்குகிறவர், எல்லாரும் அவரவர் வேலையில் இருக்கிறபடியே விழுந்திருக்கிறார்கள்.

ஒரே ஒருத்தி கண்டுபிடித்தாள், மீன்காரி கெங்கம்மா. "இன்னாமே, துப்பட்டிக்குள்ள இன்னாத்த ஒளிச்சிவச்சிகினு கீறே?" என்று நடுத்தெருவில் மடக்கினாள். விலக்கிக் காட்டினேன். "ஐய, போட்டா பொட்டி! உம் புருசன் எடுத்தா ஊரே கூடும், நீ இன்னாடான்னா கொயந்தய இடுப்புல வெச்சிகினு போறாப்ல போறே" என்றாள். பிறகு தன்னையும் எடுக்கச் சொல்லிக் கூடையைக் கீழே வைத்து விறைத்து நின்றுவிட்டாள். அவள் மறுபடி மீன் விற்கத் தொடங்குகிறவரை காத்திருந்து எடுத்தேன். அதுதான் ஐந்தாவது படம். எண்ணூர் உப்பளத்துக்கும் மாத்தூருக்கும் அஜீசு கூட வந்தாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பன்னிரண்டில் ஓர் இடம்கூட நானாகத் தேர்ந்தது இல்லை. ஸ்டேஷனைக் காலை வெயில் தூண்களுக்கு நடுவே விழும்போது எடுக்க வேண்டும், திருவொற்றியூர்த் தேரடியை மாலை அசர் தொழுகைக்குப் பிறகு எடுக்க வேண்டும், உப்பளத்தில் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைக்கக் கூடாது என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சோறு தின்னும்போதெல்லாம் நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நான் கேட்டுக்கொண்டே குழம்பு ஊற்றினேன். எல்லாம் மனசில் கிடந்திருக்கிறது.

படங்களைத் தபாலில் அனுப்பினேன். சுப்புராயன் பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டு, உங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டார். இனி பொய் சொல்லக் கூடாதென்று போன திங்கட்கிழமை அஜீசையும் கூட்டிக்கொண்டு போய் உண்மையைச் சொன்னேன். தலை நிமிர்ந்தே சொன்னேன், நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவர் படங்களை மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இதுல ஒருத்தர்கூட நம்மளத் திரும்பிப் பாக்கலியே, எப்படின்னு நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேம்மா" என்றார். அடுத்து, படத்துக்குக் கீழே யார் பெயரைப் போடுவது என்று கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் இன்னொன்றும் கேட்டார். புத்தகத்தின் இரண்டாம் பாகம் எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை. கால்வாய் வழியே படகில் போய், ஊர் ஊராகத் தங்கி எடுக்க வேண்டும். சித்திரையில் தொடங்க வேண்டும், பங்குனி முடிவதற்குள் பதில் வேண்டும்.

என்னால் முடியுமா என்று கேட்டால் முடியும். அஜீசு வருவாள், படகுக்காரர்கள் தெரிந்தவர்கள். பயந்துகொண்டு உங்களைக் கூப்பிடுவதாக நினைத்துவிடாதீர்கள். ஆனால் பழவேற்காட்டைப் பற்றி நீங்கள் இதுவரை சாப்பாட்டு நேரத்தில் எதுவும் சொல்லவில்லையே. அங்கே எந்த மேட்டில் நிற்க வேண்டும், எத்தனை மணி வெயில் நல்லதென்று எனக்கு யார் சொல்வார்கள்?

என் பயம் ஒன்றே ஒன்றுதான். இதைப் படித்து முடித்ததும் வெட்கம் உங்களைப் பிடித்துக்கொள்ளும். ஒரு ஜோடிக் கண்ணாடி இல்லாமல் கடல் தாண்டி வந்தேனா என்று உங்கள்மேலேயே கோபம் வரும். அந்தக் கோபத்தில் அங்கேயே இருந்துவிடுவீர்களோ என்றுதான் நான்கு நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மச்சான், உங்கள் மனைவியிடம் உங்களுக்கு என்ன வெட்கம்? தங்கப்பாண்டி வீட்டாரிடம் இன்னமும் நான் உப்புக் காற்று என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆயுசுக்கும் சொல்வேன். அடுத்த மாதக் கப்பலில் வந்துவிடுங்கள். பெயர் விஷயத்தையும் வந்தே சொல்லுங்கள். உங்கள் பெயர் மேலே, என் பெயர் கீழே என்று இரண்டும் இருந்தால் எனக்கு நிறைவு. ஒன்றுதான் போட வேண்டும் என்றாலும் சண்டை போடமாட்டேன். கொஞ்சம் போடுவேன்.

பன்னிரண்டு படங்களின் பிரதிகளும் பொட்டலத்தில் இருக்கின்றன. பதின்மூன்றாவது ஒன்று உண்டு, அது சுப்புராயனுக்கு அனுப்பாதது. முதல் சுருளில் எடுத்த நம் ஸ்டூடியோ வாசல். பூட்டிய கதவின்மேல் துப்பட்டி போட்ட என் நிழல் விழுந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் நிழலைப் பார்க்காமல் எடுத்ததற்குத் திட்டியிருப்பீர்கள்.

அந்தப் படத்தின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு நாணமாக இருந்தது. அரிசிக் குருணை அளவுக்குப் பொடி எழுத்தாக, உங்கள் பென்சிலால் எழுதியிருக்கிறேன். அதை அத்தாவுல்லா காக்காவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். அந்த அழகான கையெழுத்துக்காரரிடமும் வேண்டாம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்குப் போய், நீங்களே படியுங்கள்.

அல்லாஹ் உங்கள் கண்ணையும் உங்களையும் பத்திரமாக என்னிடம் சேர்ப்பிப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.

வாசல் பார்த்திருக்கும்,
சாபிரா