என் பங்கு மீன் எண்ணெய்

இன்று காலை ஒரு மீன் எண்ணெய்க் குளிசை என் விரல்களுக்குள் வெடித்துவிட்டது. போத்தலின் அடியில் ஒட்டிக் கிடந்ததை நகத்தால் பிரிக்கப் போய் வந்த வினை. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் நாற்றம் போகவில்லை. அதன் பின்னால் நீ வந்தாய், இரட்டைப் பின்னலோடு, எங்கள் கொன்வென்ட் விறாந்தையில்.

அங்கே வகுப்புத் தொடங்குமுன் சிஸ்டர் ஆளுக்கொரு கரண்டி மீன் எண்ணெய் ஊற்றுவார். வெள்ளிக்கிழமை எனக்குச் சைவம். கத்தோலிக்கப் பிள்ளையான உனக்கு அன்று இறைச்சிதான் ஆகாது, மீன் ஆகும். உன் கரண்டியை விழுங்கிவிட்டு வரிசையின் கடைசிக்கு ஓடி, எனக்காக மறுபடியும் வாயைத் திறப்பாய். சிஸ்டர் கரண்டியைப் பார்ப்பாரே தவிர முகத்தைப் பார்ப்பதில்லை. மத்தியானம் என் சாப்பாட்டுப் பெட்டியை உன் பக்கம் இழுப்பாய்.

"எடியே, இந்த எண்ணெய் குடிச்சா எனக்குப் பேய்ப் பசி. உன்ர பங்கைக் குடிச்சனான், உன்ர சோத்திலயும் பாதி எனக்குத்தான்."

அந்தப் பாதியைக் கடைசிவரை நீ விட்டுக்கொடுக்கவில்லை. என் கணவர் இறந்த பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்தாய். "உன்ர கத்தரிக்காய்க் குழம்பைவிடச் சிஸ்டரின்ர எண்ணெய் திறம்" என்றபடியே சோற்றுக் கோப்பையை மறுபடியும் நீட்டுவாய். உன்னைத் திட்டிக்கொண்டே நானும் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வேன்.

நீயும் கண்மூடியதிலிருந்து எனக்குப் பசியில்லை. எல்லாச் சோதனையும் செய்த டொக்டர், நான் சுகமாக இருக்கிறேன் என்கிறார். சட்டைகள் எல்லாம் தொளதொளக்கின்றன. கனடாவிலிருந்து மகள் இந்தப் போத்தலை அனுப்பினாள். "இது பசியைக் கூட்டுமாம், அம்மா. சாப்பிடாட்டி வீட்டைப் பூட்டிப்போட்டு இங்க கூட்டிக்கொண்டு வந்திடுவன்." ஆகவே, பசித்தால்தான் இந்த வீடு எனக்கு.

பாமசிக்காரரிடம் கேட்டேன். "அன்ரி, சிலர் பசி கூடுது எண்டினம். சிலர் ஏப்பம் வந்து சாப்பிட மனமில்லை எண்டினம். சுகமா இருக்கிற ஆக்களுக்கு இன்னதுதான் நடக்கும் எண்டு என்னால சொல்லேலாது" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மனிதர். எனக்கு வந்தது ஏப்பம் மட்டும்.

கையைத் துடைத்த பிறகுதான் நினைவு வந்தது: இன்று வெள்ளிக்கிழமை. இந்த நாளை நான் மறந்ததே இல்லை. இனி மறந்தால் யாருக்கென்ன? வரிசையின் கடைசிக்கு ஓட ஆளில்லை.

சற்று முன் மகள் அழைத்து, "சாப்பிட்டனீங்களோ?" என்றாள்.

"ஓம், வடிவாச் சாப்பிட்டனான்."

மேசையில் இரண்டு கோப்பைகள். சோற்றைப் பாதியாகப் பிரிக்காமல் எனக்குப் பரிமாறத் தெரியவில்லை. விரலை முகர்ந்து பார்க்கிறேன். நாற்றம் அப்படியே இருக்கிறது. உன் பாதி ஆறிவிட்டது. பக்கத்தில் என் பாதியும்.